பாஸுக்கு எத்தனை மார்க்

தங்கசாமியின் மகள் வெற்றிச்செல்வி பத்தாம் வகுப்புப் படித்த வருடம் அரும்பாவூரில் பத்தாம் வகுப்பு என்று ஒன்று சரியாக நடக்கவில்லை. கொரோனாவுக்குப் பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள், நடுவில் கொஞ்ச நாள் திறந்தார்கள், மறுபடி பூட்டினார்கள். பரீட்சை இல்லை, எல்லோரும் பாஸ் என்று அரசாங்கம் அறிவித்தது. சான்றிதழ் வந்தபோது மார்க் இருக்கவேண்டிய இடத்தில் மார்க் இல்லை. பாஸ் என்று மட்டும் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு வரை முதல் இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத வெற்றிச்செல்விக்கும் பாஸ். பள்ளிக்கூடத்துக்கு வருவதை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ளாத அறிவழகனுக்கும் பாஸ். அறிவழகன் வீட்டில் அன்று கறி எடுத்தார்கள். தங்கசாமி வீட்டில் வழக்கம்போலக் கருவாட்டுக் குழம்புதான்.

அந்தக் காலி இடத்தைப் பற்றி நாலு வருடம் யாரும் கவலைப்படவில்லை. வெற்றிச்செல்வி பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியின் முதல் மார்க் வாங்கினாள். தினம் பஸ் ஏறிப் பெரம்பலூர் போய் பி.காம். படித்தாள். தங்கசாமிக்குப் பச்சைமலை அடிவாரத்தில் ஒன்றே முக்கால் ஏக்கர் காடு. அவருடைய அப்பா அதே காட்டில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். மகன் அதை விலைக்கு வாங்கினார். ஊரில் சிலருக்கு அது இன்னும் ஜீரணமாகவில்லை என்றாலும், வெங்காயம் நன்றாக விளைகிற வருடங்களில் அவர்களும் வந்து விதைக்காய் கேட்டு வாங்கிப் போவார்கள்.

வடக்கே பெரிய மேனேஜ்மென்ட் காலேஜ்கள் இருக்கின்றன, அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது, நாடு முழுவதும் லட்சக்கணக்கான பேர் எழுதுகிறார்கள், நீயும் எழுது என்று சொன்னவர் காலேஜில் பாடம் நடத்திய அனிதா மேடம். வெற்றிச்செல்வி இரண்டு வருடம் போனிலேயே படித்தாள். காட்டில் வெங்காயத்தைச் சேமித்து வைக்கிற பட்டறைக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். ஆகவே அவளுடைய படிப்பு முழுவதும் வெங்காய வாடையில் நடந்தது.

என்ன படிப்பு அது என்று அம்மா மலர்கொடி கேட்டதற்கு, யாவாரம் பண்றதுக்கான படிப்பும்மா என்றாள். களை வெட்டிக்கொண்டிருந்த சின்னப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. சின்னப்பிள்ளை அந்தக் காட்டுக்குப் பதினைந்து வருடமாகக் கூலிக்கு வருகிறவள். எதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"வெங்காய யாவாரி எவன் படிச்சிருக்கான்? கைநாட்டு வைக்கிறவன்தான் நம்மளையும் சேத்து வித்துட்டுப் போறான். அதுக்கு இவ வடக்க போய் வேற படிக்கணுமா?"

விண்ணப்பம் போடக் கடைசி நாள் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. வெற்றிச்செல்விக்கு அன்று மதியம் காலேஜில் ஒரு பரீட்சை இருந்தது. முக்கால் பங்கை முந்தின நாளே நிரப்பிவிட்டாள். போட்டோவையும் கையெழுத்தையும் சான்றிதழ்களையும் கேட்ட அளவுக்குச் சுருக்கி ஏற்றுகிற வேலைதான் பாக்கி. அதற்கு அரும்பாவூரில் ஒரே ஆள்தான். கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற பிரேம்குமார். மலர்கொடிக்குச் சித்தப்பா மகன், வெற்றிச்செல்விக்கு மாமா முறை. பட்டா, பென்ஷன், சாதிச் சான்றிதழ், முதியோர் உதவி என்று அந்த வட்டாரத்தில் அரசாங்கத்தோடு பேசவேண்டிய எல்லோரும் பிரேம்குமார் வழியாகத்தான் பேசுவார்கள். பத்து வருடத் தொழிலில் அவர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. விட்டால் திருப்பி அனுப்பிவிடுவான்.

காலையிலேயே ஃபைலைக் கொடுத்துவிட்டு அவள் பஸ் ஏறினாள். அவர் எல்லாவற்றையும் ஏற்றினார். கடைசியில் பத்தாம் வகுப்பு மார்க் என்ற கட்டம் நின்றது. காலியாக விட்டார், ஒப்புக்கொள்ளவில்லை. பாஸ் என்று அடித்தார், எண் மட்டும் என்றது. பூஜ்யம் போட்டுப் பார்த்தார், செல்லாது என்றது. வெற்றிச்செல்விக்கு மூன்று தடவை போன் செய்தார். போன் பரீட்சை ஹாலுக்கு வெளியே பைக்குள் இருந்தது. கரண்ட் வேறு போய் வந்தது. சாயங்காலம் ஐந்து மணியோடு விண்ணப்பத்துக்கு வாசல் சாத்திவிடுவார்கள். நாலு நாற்பதுக்குப் பிரேம்குமார் ஒரு நியாயமான மனிதனாக யோசித்தார். பாஸுக்கு எத்தனை மார்க்? முப்பத்தைந்து. ஐந்து பாடத்துக்கும் முப்பத்தைந்து, முப்பத்தைந்து என்று போட்டார். ஏற்றுக்கொண்டது. நூறு போட்டாலும் ஏற்றுக்கொண்டிருக்கும். ஆனால் இல்லாததைப் போட்டார் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதில் அவர் எப்போதும் கவனமாக இருப்பவர்.

மறுநாள் பிரிண்டைப் பார்த்து வெற்றிச்செல்வி சிரித்தாள். நுழைவுத் தேர்வு மார்க்கைத்தானே பார்ப்பார்கள் என்று நினைத்தாள். எம்.பி.ஏ. படிக்க வருகிற பிள்ளையிடம், பதினைந்து வயதில் நீ என்ன செய்தாய் என்று ஒருத்தன் கேட்பான் என்பது அரும்பாவூரில் யாருக்கும் தோன்றவில்லை. அனிதா மேடத்துக்கும் தோன்றவில்லை.

கார்த்திகையில் திருச்சிக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள். அடைமழை. திரும்பி வந்தபோது காட்டில் வெங்காயத் தாள் சுருண்டு திருகல் நோய் விழுந்திருந்தது. தங்கசாமியும் மலர்கொடியும் முதுகில் மருந்து டேங்க்கோடு மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தார்கள். எப்படி எழுதுனே என்று கேட்கக்கூட அன்றைக்கு நேரமில்லை. மார்கழியில் ரிசல்ட் வந்தது. தொண்ணூற்றெட்டரை. நூறு பேர் எழுதினால் அதில் தொண்ணூற்றெட்டு பேரை முந்திவிட்டாள் என்று அர்த்தம். தங்கசாமி அதைப் புரிந்துகொண்டு எல்லோருக்கும் பொறுமையாக விளக்கினார். ஊர் அதைத் தொண்ணூற்றெட்டரை மார்க் என்றே எடுத்துக்கொண்டது. மிச்சம் ஒன்றரை எங்கே போனது என்று சின்னப்பிள்ளை கேட்டாள்.

அடுத்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரவேண்டும். ஒவ்வொரு காலேஜாகப் பட்டியல் போட்டது. இரண்டு, மூன்று, ஐந்து பட்டியல்கள் வந்தன. அவள் பெயர் எதிலும் இல்லை. அவளைவிடக் குறைந்த மார்க் வாங்கியவர்களுக்கு வந்திருந்தது. காரணம் தெரியாமல் அனிதா மேடம், அரியலூரில் ஒரு சிமெண்ட் கம்பெனி ஆபீசில் இருக்கிற கலைச்செல்வனின் நம்பரைக் கொடுத்தார். அவர் அப்படி ஒரு காலேஜில் படித்தவர். எந்தப் பிள்ளைக்கு எங்கே கிடைக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லுவார் என்றார்.

அப்பாவும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் போய் அங்கிருந்து அரியலூர் பஸ் பிடித்தார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோடு. ரோட்டோர வேம்பு, புளி, டீக்கடைப் பலகை எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன. தங்கசாமி மடியில் ஐந்து கிலோ வெங்காயப் பை. நோய்க்குத் தப்பிய பாத்தியில் முற்றாமல் பிடுங்கியது. வெறுங்கையோடு ஒரு ஆபீசர் வீட்டுக்குப் போகமுடியாது.

கலைச்செல்வனுக்கு முப்பது வயது இருக்கும். அவரும் அந்தப் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளைதான். செந்துறைப் பக்கம், முந்திரிக்காடு. வெங்காயத்தை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். அதில் வரிசை வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொரு மார்க்காகக் கேட்டு அடித்தார். நுழைவுத் தேர்வு. பன்னிரண்டாம் வகுப்பு. டிகிரி. இன்ஜினியரிங் படிக்காததற்குக் கொஞ்சம் கூட்டினார். பெண் என்பதற்கு இரண்டு மார்க் போட்டார். பொம்பளைப் பிள்ளை என்பதற்கு ஒருத்தன் மார்க் போடுகிறான் என்பதைத் தங்கசாமி அன்றுதான் கேள்விப்பட்டார். ஊருக்குப் போனதும் இதை மலர்கொடியிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"டென்த்து?" என்றார் கலைச்செல்வன்.

வெற்றிச்செல்வி சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"முப்பத்தஞ்சா?"

"பாஸுங்க" என்றார் தங்கசாமி.

அவள் நடந்ததைச் சொன்னாள். கலைச்செல்வன் லேப்டாப்பை அவர்கள் பக்கம் திருப்பினார். பிறகு பத்தாம் வகுப்புக் கட்டத்தில் தொண்ணூற்றைந்து என்று அடித்துக் காட்டினார். கீழே ஐம்பத்தெட்டு சதவீதம் என்று வந்தது. அதை அழித்து முப்பத்தைந்து போட்டார். நாலு என்று வந்தது. தப்பாக அடித்துவிட்டோமோ என்று மறுபடி தொண்ணூற்றைந்து போட்டார். ஐம்பத்தெட்டு. மறுபடி முப்பத்தைந்து. நாலு.

"அந்த அம்பத்தெட்டுலயே நிறுத்தி வைக்க முடியாதுங்களா?" என்றார் தங்கசாமி.

"இது நான் போட்டுப் பாக்கறதுங்க. நெஜ கணக்கு அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கு. அதுல முப்பத்தஞ்சுதான் ஏறியிருக்கு. திருத்தறதுக்கு அக்டோபர்ல மூணு நாள் குடுத்தாங்க. அது முடிஞ்சு போச்சு."

"இந்த நாலுன்னா என்னங்க?"

"இவளை மாதிரியே மார்க் வச்சிருக்கிறவங்க நூறு பேரு இருந்தா, அதுல நாலு பேருக்குக் கெடைக்கும்."

"அந்த நாலு பேரு யாருன்னு தெரியுங்களா?"

"அது தெரியாதுங்க."

"நாங்க நூறு காய் ஊனி நாலு மொளைச்சுதுன்னா, அதுக்குத் தண்ணி கட்ட மாட்டோங்க. உழுதுட்டு மக்காச்சோளம் போட்ருவோம்."

தங்கசாமி இதைக் கோபமாகச் சொல்லவில்லை. தொழில் தெரிந்த இன்னொரு ஆளிடம் ஒரு விவரம் சொல்வதுபோலத்தான் சொன்னார். கலைச்செல்வன் லேப்டாப்பை மூடிவைத்தார். டீ போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். டீ குடிக்கும்போது வெற்றிச்செல்வி, இன்னும் பட்டியல் போடாத காலேஜ் எத்தனை இருக்கிறது என்று கேட்டாள். ஒன்று இருக்கிறது, புதிதாக வந்தது, பழைய மார்க்கை அவ்வளவாகப் பார்க்காது, ஆனால் நம்பிக்கை வைக்காதே என்றார் அவர். அவள் அந்த ஒன்றின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது தங்கசாமி ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

"பிரேம்குமாரு மேல தப்பில்ல பாப்பா."

"நான் ஒன்னும் சொல்லலப்பா."

"அவன் நூறுன்னு போட்டிருந்தாலும் தப்பாத்தான் இருந்திருக்கும்."

உண்மைதான். இந்த விஷயத்தில் எங்காவது ஒரு அயோக்கியன் இருந்திருந்தால் அந்த வீட்டுக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். ஒருவரும் அகப்படவில்லை.

பொங்கல் கழிந்து பத்தாம் நாள் அந்த ஒரே காலேஜிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. நேர்முகத் தேர்வு சென்னையில், ஒரு பெரிய ஓட்டலில். கலைச்செல்வன் போனில் கத்தினார். பிரேம்குமார் அழைப்புக் கடிதத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்துத் தன் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். மலர்கொடி செல்லியம்மனுக்கு மாவிளக்குப் போட்டாள். தங்கசாமி மட்டும், தாள் சாய்ந்து அறுப்புக்கு நின்ற வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு, நாலு பேரில் ஒருத்தி என்று தனக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்.

சென்னையில் அவளை உள்ளே மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். தங்கசாமி வெளியே வாட்ச்மேனோடு நின்றார். வாட்ச்மேன் உடையார்பாளையத்துக்காரர். முந்திரி இந்த வருடம் பூ கொட்டிவிட்டது என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வெங்காயத்தைப் பற்றித்தான் கேட்டார்களாம். விலை ஏறுமா இறங்குமா என்று தெரியாமல் விவசாயி ஏன் பட்டறை போட்டு வைக்கிறான், உடனே விற்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உடனே விற்றால் எல்லோரும் ஒரே வாரத்தில் விற்பார்கள், அந்த வாரத்து விலையை யாவாரிதான் வைப்பான், பட்டறை போட்டால் குறைந்தபட்சம் எந்த வாரம் ஏமாறுவது என்பதை நாங்களே முடிவு பண்ணுவோம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். மூன்று பேரும் சிரித்தார்களாம். ஒருவர் எதையோ எழுதிக்கொண்டாராம்.

அதற்குப் பிறகுதான் சான்றிதழ் சரிபார்க்கிற மேஜை. கோட்டுப் போட்ட ஒரு பெண், பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இதில் மார்க் இல்லை, அதில் முப்பத்தைந்து இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று இங்கிலீஷில் கேட்டாள். வெற்றிச்செல்வி விளக்கினாள். அந்தப் பெண் நல்ல மாதிரிதான். பதறவேண்டாம், அந்த வருடம் யாருக்கும் மார்க் தரவில்லை, பாஸ் மார்க் முப்பத்தைந்து, அதனால் அதைப் போட்டிருக்கிறோம் என்று உங்கள் பள்ளியின் தலைமையாசிரியர் ஒரு கடிதம் தரட்டும், பள்ளியின் ஈமெயிலிலிருந்து மூன்று நாளுக்குள் வரட்டும், போதும் என்றாள். கடிதத்துக்கும் விண்ணப்பத்துக்கும் வித்தியாசம் இருந்தால் தவறான தகவல் தந்ததாக ஆகிவிடும் என்பதையும் சொன்னாள். வெற்றிச்செல்வி பஸ்ஸிலேயே போனில் அந்தக் கடிதத்தை எழுதி முடித்தாள். மூன்று வரி. மூன்றும் உண்மை.

மறுநாள் காலை அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். தலைமையாசிரியர் ராஜவேல் அவளுக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். பள்ளிக்கூட வாசலில் பையன்களுக்குச் செருப்புத் தைத்துக் கொடுக்க ஆள் பிடித்து உட்காரவைத்தவர். சர்வீசில் இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையின் நன்னடத்தைச் சான்றிதழிலும் 'மிக நன்று' என்பதற்குக் கீழே அவர் எழுதியது கிடையாது. கண்ணாடியை உடைத்தவனுக்கும் மிக நன்று. இவர் மண்டையையே உடைக்கப் பார்த்தவனுக்கும் மிக நன்று.

அவர் மூன்று வரியையும் படித்தார். முகம் சுருங்கியது.

"உனக்கா முப்பத்தஞ்சு?"

"மார்க் குடுக்கலைங்கிறதுதான் சார் முக்கியம். முப்பத்தஞ்சு சும்மா ஃபார்முக்காக."

"ஒன்பதாவது அரையாண்டு ரிஜிஸ்டர் இன்னும் பீரோவுல இருக்கு தெரியுமா? கணக்குல நூறு நீ. மொத்தம் நானூத்தி எண்பத்தியேழு."

"அது வேணாங்க சார். இதுல இருக்கறது மட்டும் இருந்தாப் போதும்."

"சரி, வச்சிட்டுப் போ. நான் பாத்துக்கறேன்."

"நாளன்னிக்குக் கடைசி நாளுங்க சார்."

"நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன்ல. போ, அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணு."

எங்கள் பக்கத்தில் தலைமையாசிரியர் எழுதும்போது பக்கத்தில் நின்று பார்க்கமாட்டார்கள். எழுதியதைக் காட்டுங்கள் என்று கேட்கவும் மாட்டார்கள். ஒட்டிக் கொடுத்த கவரைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் மரியாதை. தொண்ணூற்றெட்டு பேரை முந்திய பிள்ளைக்கும் அந்த மரியாதை உள்ளே இருந்தது. அவள் வணக்கம் சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போனாள். அன்று அறுப்பு. பன்னிரண்டு ஆள் இறங்கியிருந்தது.

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் இரண்டு வருடமாக ஓடவில்லை. பள்ளியின் ஈமெயிலுக்குப் பாஸ்வேர்டு பிரேம்குமாரிடம்தான் இருந்தது. மதியம் ராஜவேல் சார் தானே கடைக்கு வந்து, சீல் வைத்த கடிதத்தைக் கொடுத்து, ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னார். பிரேம்குமார் படித்துப் பார்த்தார். மூன்று வரி பன்னிரண்டு வரியாகியிருந்தது. அதில் தொண்ணூற்றேழு என்ற எண்ணைக் கண்டதும் அரியலூர்ச் சேதி தெரிந்த நாளிலிருந்து அவர் நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. நான் கெடுத்ததைச் சார் சரிபண்ணிவிட்டார் என்று நினைத்தார். கண் கலங்கிவிட்டது என்று பின்னால் அவரே சொன்னார். உடனே அனுப்பினார்.

நாலு மணிக்கு இருவரும் ஒரே வண்டியில் காட்டுக்கு வந்தார்கள். கையில் அரை கிலோ மிக்சர். வேப்ப மரத்து நிழலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தார்கள். எல்லோர் கண்ணிலும் தண்ணீர். அது வெங்காயத்துக்கு. பிரேம்குமார் வந்த வேகத்தில் எல்லோருக்கும் மிக்சர் பங்கு வைத்தார். ராஜவேல் சாரை மலர்கொடி கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்தாள். அவர் கடிதத்தின் ஜெராக்ஸைப் பையிலிருந்து எடுத்து, முதலில் இங்கிலீஷிலும் பிறகு எல்லோருக்கும் புரியும்படி தமிழிலும் படித்தார்.

"இந்த மாணவி எங்கள் பள்ளியின் பெருமை. ஒன்பதாம் வகுப்பில் இவள் தொண்ணூற்றேழு சதவீதம் பெற்றதற்குப் பதிவேடு எங்களிடம் உள்ளது. ஆகவே விண்ணப்பத்தில் முப்பத்தைந்து என்று கொடுக்கப்பட்டிருப்பது முற்றிலும் தவறு. எந்தப் பாடத்திலும், எந்தக் காலத்திலும் இவள் முப்பத்தைந்து வாங்கியதில்லை என்று இதன் மூலம் சான்றளிக்கிறேன்."

"அப்புடிப் போடுங்க சார்" என்றாள் சின்னப்பிள்ளை. "எங்கூட்டுப் புள்ளைய முப்பத்தஞ்சுன்னு எவன் சொல்றது?"

பெண்கள் தலையாட்டினார்கள். தங்கசாமி மகளைப் பார்த்தார். அவர் இங்கிலீஷ் படித்தவர் இல்லை. ஆனால் மகள் முகம் படிக்கத் தெரிந்தவர். அவள் கையில் அரிந்த தாளோடு உட்கார்ந்திருந்தாள்.

"அனுப்பியாச்சுங்களா மாமா?" என்று பிரேம்குமாரைக் கேட்டாள்.

"ரெண்டே காலுக்கே போயிடுச்சு பாப்பா. போய்ச் சேந்துடுச்சுன்னு அவங்ககிட்ட இருந்து ரிப்ளையும் வந்துடுச்சு."

அவள் தலையாட்டினாள். எழுந்து போய் ராஜவேல் சாருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே அவள் தன் ஈமெயிலிலிருந்து ஒரு நீளமான விளக்கம் அனுப்பினாள். அந்த வருடத்து அரசாணையின் நகலை இணைத்தாள். கலைச்செல்வன் தன்னோடு படித்தவர்கள் நாலு பேருக்குப் போன் செய்தார். திங்கட்கிழமை பதில் வந்தது. நீங்கள் விண்ணப்பத்தில் தந்த விவரம் தவறு என்று உங்கள் பள்ளியே எழுத்து மூலம் தெரிவித்திருக்கிறது, ஆகவே உங்கள் விண்ணப்பம் ரத்து செய்யப்படுகிறது, முடிவு இறுதியானது, உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள் என்று இருந்தது.

அந்த வாரம் முழுக்கப் பட்டறை போடுகிற வேலை. அடியில் கல் அடுக்கி, மேலே மூங்கில் போட்டு, இரண்டு பக்கமும் காற்றுப் போக இடைவெளி விட்டு, தென்னங்கீற்று மூடவேண்டும். தங்கசாமியும் மகளும்தான் கட்டினார்கள். பிரேம்குமார் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் காட்டுக்கு வந்து கீற்றுத் தூக்கினார். தங்கசாமி அவரை ஒன்றும் கேட்கவில்லை.

"மாப்ள, அந்தக் கயித்த இழுத்துக் கட்டு" என்று மட்டும் சொன்னார்.

மலர்கொடிதான் ஒருநாள் சோறு போடும்போது வாய்விட்டாள். போட்ட மார்க்கும் தப்பு, போடாத மார்க்கும் தப்பு, அப்போ என் பிள்ளை எதைத்தான் வாங்கியிருக்கணும் என்றாள். களியும் வெங்காயக் குழம்பும் ஆறிக்கொண்டிருந்தன.

கலைச்செல்வன் அரியலூரிலிருந்து ஒரு தடவை பெரம்பலூர் வரை வந்து அவளைப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தார். மனம் தளராதே, அடுத்த வருடம் எழுது, உனக்கு மூளை இருக்கிறது, வயது இருக்கிறது என்றார்.

"எழுதலாங்க சார்" என்றாள். "அந்தக் கட்டத்துல என்ன போடறது?"

கலைச்செல்வன் யோசித்தார். காலியாக விட்டால் ஒப்புக்கொள்ளாது. முப்பத்தைந்து போட்டால் நாலு சதவீதம். தொண்ணூற்றேழு போட்டால் சான்றிதழில் இல்லை. ஹெல்ப்லைனுக்கு எழுதிக் கேட்கலாம் என்றார். ஏற்கெனவே எழுதிவிட்டாள். உங்கள் சான்றிதழில் உள்ள மதிப்பெண்ணை அப்படியே நிரப்பவும் என்று பதில் வந்திருந்தது. போனை எடுத்துக் காட்டினாள். அவர் படித்தார். அவருடைய பஸ் வந்தது. ஏறிக்கொண்டு ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார்.

ராஜவேல் சாரிடம் மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. மலர்கொடி அவரைக் கண்டால் வேறு தெருவில் திரும்பினாள். பிரேம்குமார் பள்ளியின் ஈமெயிலுக்கு வந்த ரத்துக் கடித நகலை எடுத்துக் கண்ணில் படாத இடத்தில் போட்டார். சின்னப்பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை. அது அந்த ஊரில் யாரும் எதிர்பார்க்காதது.

பங்குனியில் ஒருநாள் காலை ராஜவேல் சார் வண்டியைக் காட்டு ஓரம் நிறுத்தினார். வெற்றிச்செல்வி மோட்டார் போட்டு மடை திருப்பிக்கொண்டிருந்தாள். அடுத்த போகத்துக்கு மக்காச்சோளம்.

"பதில் ஏதும் வந்துச்சாம்மா?"

"இன்னும் வரலைங்க சார்."

"வடநாட்டுக்காரன் மெதுவாத்தான் போடுவான். நேத்து பிரேயர்ல உன்னப் பத்திப் பேசுனேன். நம்ம ஸ்கூலுப் புள்ளைக்கு ஒரு கஷ்டம்னா இந்த ஹெட்மாஸ்டர் டெல்லிக்கே எழுதுவான்னு சொன்னேன். பசங்க கை தட்டுனாங்க." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "நான் வேணா இன்னொன்னு எழுதட்டுமா? இன்னும் கொஞ்சம் பலமா?"

"வேணாங்க சார்" என்றாள் வெற்றிச்செல்வி. வகுப்பில் எந்தக் கேள்விக்கும் அவள் இவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதில்லை. "நீங்க எழுதுனதே போதுங்க சார்."

இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை இப்படி நினைத்துப் பார்க்கிறது என்றார் ராஜவேல் சார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் பெல் அடிப்பதற்குள் போகவேண்டும் என்று வண்டியைக் கிளப்பினார்.